பரண் பெட்டியை எடைக்குப் போட வேண்டாம்

நசாவு, பஹாமாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் கதிரும் மாயவரத்து அத்தையும் நலம்தானே? ஆனி மாதம் நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. இந்த ஊரில் தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. அவரவருக்கு ஒரு தபால் பெட்டி எண் உண்டு. எனக்கு வருவதெல்லாம் பள்ளியின் பெட்டிக்குத்தான் வரும். கோடை விடுமுறையில் அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் கடிதமும் அங்கேயே கிடந்துவிட்டது. பதில் வரவில்லையே என்று அம்மா மனசை அலட்டிக்கொண்டிருப்பார். வேறு காரணம் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டை விற்றுப் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று பெரியண்ணன் சொல்வதையும், காலி செய்யும்போது பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிக் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவர் யோசனை கூறியதையும் படித்தேன். பாகப் பிரிவினையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். பெட்டியை மட்டும் நான் சொல்லும்வரை யாரும் தொட வேண்டாம். ஏன் என்று விளக்க, எதிர்வீட்டு அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும்.

நான் வீடு மாறியதை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. முன்பிருந்த வீடு ஒருத்திக்கு மிகப் பெரிது. இப்போது ஃபாக்ஸ் ஹில் என்ற பகுதியில், ஒரு வீட்டின் பின்கட்டில் இருக்கிறேன். நல்ல காற்றோட்டம், பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். நடந்து போகிறவளுக்குக் கார் எதற்கு என்று அதையும் கொடுத்துவிட்டேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று நீங்கள்தான் எப்போதும் சொல்வீர்கள்.

இந்த ஃபாக்ஸ் ஹில் சரித்திரம் உள்ள இடம். ஆங்கிலேயர்கள் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிறகு, அவர்களுடைய கடற்படை வழிமறித்துப் பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட ஆப்பிரிக்கர்களை இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். அப்படி வந்தவர்கள் பலரும், விடுதலை பெற்ற அடிமைகளும் சேர்ந்து குடியேறிய கிராமம் இது. ராபர்ட் சாண்டிலாண்ட்ஸ் என்ற நீதிபதி தம் நிலத்தை மனை பிரித்துக் கொடுத்ததால் சாண்டிலாண்ட்ஸ் கிராமம் என்றும் பெயர் உண்டு. காங்கோ டவுன், நாங்கோ டவுன், ஜோஷுவா டவுன், பர்ன்சைட் டவுன் என்று உள்ளுக்குள் நான்கு பிரிவுகள் இருந்தன. யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். அடிமை முறை 1834 ஆகஸ்டு முதல் தேதி ஒழிந்தது. அந்தச் செய்தி ஃபாக்ஸ் ஹில்லுக்குச் சில நாள் தாமதமாகத்தான் வந்ததாம். அதனால் ஊரெல்லாம் விடுதலை நாள் கொண்டாடி முடித்த பிறகு, ஆகஸ்டின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இவர்கள் தனியாக ஒரு விழா எடுக்கிறார்கள். அதில் வழுக்கு மரம் ஏறுகிறார்கள் அப்பா! எண்ணெய்க்குப் பதிலாகக் கொழுப்பைத் தடவிய கம்பம். நம் ஊர் உறியடித் திருநாளில் கதிர் பாதி ஏறிச் சறுக்கி விழுந்ததை நினைத்து, கூட்டத்தில் நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு அம்மையாருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை, எக்ஸூமா தீவிலிருந்து சிறு வயதில் வந்தவர். நான் குடிவந்த அன்று வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு அவர் என் பெயரைக் கேட்கவில்லை. உன் ஆட்கள் யார் என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது அதுதான். நானோ கும்பகோணத்துப் பக்கம் என்றேன். அது எந்தத் தீவில் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நல்ல பழக்கம். எனக்குக் காய்ச்சல் கண்டபோது வேலியில் படர்ந்திருந்த கொடியைப் பிடுங்கிக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, குடித்தால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் நம்முடைய காட்டுப் பாகல்! வாயில் வைக்க முடியவில்லை, காய்ச்சல் என்னவோ விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால் ஒரு தட்டு சோறு அனுப்புவார்: துவரையை முழுதாக அரிசியோடு போட்டு, தக்காளியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் ஒருவகைப் பச்சிலையும் சேர்த்துப் பழுப்பு நிறத்தில் வடித்தது. அதுதான் இவர்களுடைய அன்றாடச் சோறு. எனக்காக இறைச்சி போடாமல் தனியாக ஒரு சட்டியில் வைக்கிறார் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். துவரையைப் பருப்பாக உடைக்காமல் தின்னும் இவர்களைப் பார்த்தால் அப்பாயி என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த அம்மையாரின் கட்டிலுக்கு அடியில் வரிசையாகச் செருப்புப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் இருப்பதெல்லாம் சாவுப் புத்தகங்கள். இங்கு ஒருவர் இறந்தால், அடக்கத்தன்று கோயிலில் கொடுக்க வண்ண அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறார்கள். முன்பக்கம் இறந்தவரின் படம், உள்ளே அவர் எந்தத் தீவில் எந்த ஊரில் யாருக்குப் பிறந்தார், எந்தக் கோயிலில் பாடினார், என்ன வேலை பார்த்தார் என்ற வரலாறு. அதற்குப் பிறகு பிள்ளைகள், பேரன் பேத்திகள், அண்ணன் தங்கைகள், மயாமியில் இருப்பவர்கள், ஞானப் பிள்ளைகள், அண்டை வீட்டார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காதாம். இவர் போன சாவு எதிலும் புத்தகத்தை வாங்காமல் வந்ததில்லை. வாங்கியதும் ஓரத்தில் பென்சிலால், இன்னார் இன்னாருடைய மூத்தாள் மகள் என்பது போல, அச்சில் போடத் துணியாத விஷயங்களையும் குறித்துவைக்கிறார்.

ஏன் இத்தனை சிரத்தை என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. என் வகுப்பில் ரோல் என்ற குடும்பப் பெயரோடு பல பிள்ளைகள், ஒருவருக்கொருவர் உறவில்லை. டெனிஸ் ரோல் என்ற ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுளோரிடாவிலிருந்து அடிமைகளை எக்ஸூமாவுக்குக் கொண்டுவந்து பருத்தி போட்டார். மண் மெலிந்தது, பூச்சி விழுந்தது, பருத்தி போயிற்று. அடிமைகள் மட்டும் அவர் மகன் லார்ட் ரோலின் சொத்தாகத் தொடர்ந்தார்கள். எசமானின் பெயரே அவர்களுக்கும் பெயராகிவிட்டது. 1830இல் அவர்களில் ஒரு பகுதியினரைக் கேட் தீவுக்கு மாற்ற உத்தரவு வந்தபோது, பாம்ப்பி என்பவர் தலைமையில் 44 பேர் காட்டுக்குள் போய் வாரக்கணக்கில் மறைந்திருந்தார்கள். பிறகு எசமானின் உப்புப் படகையே எடுத்துக்கொண்டு, கவர்னர் ஸ்மித்திடம் முறையிட நசாவுக்கு வந்தார்கள். வழியில் பிடித்துப் பெண்களையும் சேர்த்துக் கசையால் அடித்தார்கள். கவர்னருக்கு அது தெரிந்து கோபம் வந்தது. கடைசியில் எக்ஸூமாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். கேட் தீவுக்குப் போக மாட்டோம் என்று சொன்ன அடிமைகளின் சொல் நின்றது. முன்பு அடிமைகளை ஏலம் விட்ட கட்டடம் நசாவின் பே தெருவில் இருக்கிறது. இப்போது அது பாம்ப்பி பெயரில் அருங்காட்சியகம்.

எதிர்வீட்டு அம்மையாரும் ஒரு ரோல்தான். விடுமுறையில் ஒருநாள் அவருக்குத் துணையாக மேக்கி தெருவில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1820களில் தொடங்கி விடுதலை வரை, ஒவ்வொரு எசமானும் தன்னிடம் உள்ள அடிமைகளைப் பட்டியலிட்டு அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, ஆப்பிரிக்காவில் பிறந்ததா தீவில் பிறந்ததா என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது. கரீபியன் நாடுகளின் இந்தப் பதிவேடுகளை 2009இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சொத்துக் கணக்காக எழுதிய அந்தக் காகிதத்தைத் தவிர, அவருடைய முன்னோர்களின் பெயரைச் சொல்ல வேறு ஒரு காகிதமும் உலகத்தில் இல்லை. அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாக விரலை நகர்த்தினார். ஒரு பெயரில் விரல் நின்றது. அது தம் பாட்டிக்குப் பாட்டியாக இருக்கலாம் என்றார். இருக்கலாம், அவ்வளவுதான். அதற்கே வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்.

பதிவேட்டில் தொடங்கிச் சாவுப் புத்தகம் வரை இந்தச் சங்கிலியை அவர் கோத்து வைப்பது பழம்பெருமைக்காக மட்டும் அல்ல. எக்ஸூமாவில் அவர்கள் குடும்பத்துக்குத் தலைமுறை நிலம் இருக்கிறது. அதாவது, ஒரு மூதாதை விட்டுப்போன நிலம், பிரிக்காமல், பத்திரம் மாற்றாமல், வழிவந்த எல்லாருக்கும் பொதுவாகக் கிடப்பது. யாரும் அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம், யாரும் விற்க முடியாது, வங்கியும் அதன்மேல் கடன் தராது. நம் கூட்டுப் பட்டா போலத்தான். ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இந்த நிலம் என் அனுபோகத்தில் இருக்கிறது என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டு, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, யாரும் மறுக்காவிட்டால் முழு உரிமையையும் தன் பெயருக்கு வாங்கிவிட முடியும். கடற்கரை நிலத்துக்கு ஹோட்டல்காரர்கள் கொடுக்கும் விலை உங்களுக்குத் தெரியாது. மயாமியில் இருப்பவன் நசாவுப் பத்திரிகையைப் பார்ப்பானா? அதனால் இந்த அம்மையார் காலையில் சட்ட அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார். மறுப்புச் சொல்ல வேண்டி வந்தால், நான் இன்னாருடைய வழி என்று காட்ட அந்தச் செருப்புப் பெட்டிகள் வேண்டும்.

2019 செப்டம்பர் முதல் தேதி டோரியன் புயல் அபாக்கோ தீவைத் துடைத்துப் போட்டதே, அப்போது அங்கிருந்து தப்பி வந்த இவருடைய அண்ணன் மகளிடம் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லையாம். பிறந்த தேதிகளை எழுதிவைத்த குடும்ப பைபிளும் தண்ணீரோடு போயிற்று. இவர் பெட்டியைத் துழாவி, அந்தப் பெண்ணுடைய தாயாரின் சாவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். முன்பக்கப் படத்தை நகலெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

போன வாரம் அவர் தம் நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உன் ஆட்களைச் சொல் என்றார். உங்களையும் அம்மாவையும் சொன்னேன், தாத்தாவைச் சொன்னேன், அப்பாயியைச் சொன்னேன். அப்பாயியின் தாயார் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை அப்பா. திண்ணையில் படுக்க வைத்துக்கொண்டு அப்பாயி தன் அம்மாவைப் பற்றி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலும் அவர் வெறும் எங்கம்மாதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் திண்ணையின் சில்லிப்பு முதுகில் இருந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் லீவு போட்டு ஓடி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். டிக்கெட் விலையைப் பார்த்தேன். சரி, அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயர் பரண் பெட்டியில்தான் இருக்க வேண்டும். கிரயப் பத்திரங்கள் மட்டுமல்ல, தாத்தா காலத்து மொய் நோட்டுகளும் கருமாதிப் பத்திரிகைகளும் அதில் இருக்கின்றன. அப்பாயி கல்யாணத்து மொய் நோட்டு சிவப்புத் துணி அட்டை போட்டது. எந்த ஊர், யார், என்ன முறை, எவ்வளவு என்று எல்லாம் தாத்தாவின் அப்பா கையெழுத்தில் எழுதியிருக்கும். கதிரை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் பொடிந்திருக்கும், பிரிக்கும்போது அவசரம் கூடாது. படித்துச் சொல்ல மாயவரத்து அத்தையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இன்னார் யார் என்பது இப்போது அவருக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் வயதாகிறது.

இனி பாகத்துக்கு வருகிறேன். பெரியண்ணன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. தூரத்தில் இருப்பவர்களின் கையெழுத்து எளிதாகக் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயருக்கு, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், குறிப்பிட்ட அதிகாரப் பத்திரம் தருகிறேன். இங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டிலும் பத்திரத்தை ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கி அனுப்புவேன். அது வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். அத்தைக்கும் பங்கு உண்டு. அவர் வாய் திறந்து கேட்க மாட்டார் என்பதால் விட்டுவிட வேண்டாம்; பேச்சு நடக்கும் நாளில் அவரை வரவழைத்து உட்கார வையுங்கள். விலை பேசுவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கதிரின் கல்லூரிக் கட்டணத்தை அக்டோபரில் அனுப்புகிறேன். பள்ளியில் நாங்கள் சிலர் சேர்ந்து அசூ பிடிக்கிறோம். நம் சீட்டுதான், ஏலமும் தள்ளும் கிடையாது, முறை வைத்து எடுப்பார்கள். என் முறை அக்டோபரில் வருகிறது. அதுவரை கல்லூரியில் தவணை கேட்டுப் பாருங்கள். யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம், அம்மா வளையலையும் வைக்க வேண்டாம்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
மல்லிகா

பி.கு.: என் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முழுதாக விரித்து இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் இனிஷியல் மட்டும்தான் என்று நினைவு. அதிகாரப் பத்திரத்தில் எப்படி எழுத வேண்டும் என்று பத்திர எழுத்தரிடம் கேட்டுக் கதிர் மூலம் உடனே தெரிவியுங்கள்.