பதினைந்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டிய கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. பரிசோதனையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆய்வக நுட்புநராகப் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்து, 2021இல் ஓய்வு பெற்றேன். லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் கோழிப்பண்ணையுமாக இருக்கும் சீமை இது. எங்கள் மையத்தில் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்திருந்த ஞாபகம் இல்லை.

கடந்த சித்திரையில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருந்து, லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போகும் பையன் வந்து நின்றான். இருபத்து நான்கு வயது இருக்கும். "பெரியம்மா, ஒன்று காட்ட வேண்டும்" என்று கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. இணையத்தில் வாங்கிய எச்.ஐ.வி. கிட். 'சி' என்ற எழுத்துக்கு நேராக நல்ல சிவப்புக் கோடு. 'டி'க்கு நேராக மங்கலாக, சாம்பல் நிறத்தில் ஒன்று. 'சி' கோடு கிட் வேலை செய்கிறது என்பதற்கு; 'டி'யிலும் கோடு விழுந்தால் தொற்று இருக்கலாம் என்று பொருள்.

எப்போது ரத்தம் விட்டாய் என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு." எப்போது பார்த்தாய்? "பத்தேகாலுக்குப் பார்த்தேன், ஒரு கோடுதான் இருந்தது. தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு மறுபடி எடுத்துப் பார்த்தேன், இரண்டாக இருந்தது."

ஐந்து மணி நேரம் காய்ந்த பட்டையில் கோடு தெரியாவிட்டால்தான் ஆச்சரியம். ரத்தமும் கரைசலும் உலரும்போது சாயம் இழுபட்டு அங்கே ஒரு தடம் விழும். அதனால்தான் இந்த வகைக் கிட்டுகளில் பதினைந்து நிமிடத்தில் பார், இருபது நிமிடம் தாண்டினால் பார்க்காதே என்று தாளில் போட்டிருப்பார்கள். கிட்டுக்குக் கிட்டு நேரம் மாறும். வாயில் தேய்த்து எடுக்கும் ஒரு வகைக்கு இருபதிலிருந்து நாற்பது நிமிடம். தாளைப் படித்தாயா என்றேன். ஆங்கிலத்தில் இருந்தது, படத்தை மட்டும் பார்த்தேன் என்றான்.

மூன்று மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "மொட்டை மாடியில்" என்றான். மேற்கொண்டு நான் எதையும் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்து, ஒன்பதரை மணிக்கு நானே அவனை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போனேன். தொற்று இல்லை.

கதை அத்துடன் முடியவில்லை. அவன் பயந்த அந்தச் சம்பவம் நடந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியானால் பத்தேகாலுக்கு அவன் பார்த்த ஒற்றைக் கோட்டுக்கும் பொருள் இல்லை. அன்று நாங்கள் சொன்ன "இல்லை"யும் பாதிச் சொல்தான். கிருமி உடம்புக்குள் வந்தாலும், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியை 'விண்டோ பீரியட்' என்போம். அதனால்தான் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வரச் சொன்னார்கள், வந்தான், அப்போதும் இல்லை. சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் வந்து, தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரையே தொடங்கியிருக்கலாம். அந்த மூன்று நாளும் அவன் கூரியரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு மாத்திரை இருப்பதே தெரியாது என்றான். அவன்மேல் என்ன தப்பு? கிட் பெட்டியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதைப் படித்துவிட்டு என்னை வீட்டுப் பரிசோதனைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறு ஆண்டுகள் அந்த மையத்துக் கதவுக்குப் பின்னால் இருந்தவள் நான். அந்தக் கதவைக் கடந்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசைக்கு நேர் எதிரே எங்கள் அறை. வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள். அதில் ஒருவராவது சொந்தக்காரராக இருப்பார். சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவர்போல இரண்டு முறை தாண்டிப் போய், மூன்றாம் முறை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சட்டென்று உள்ளே நுழைவார்கள். ராசிபுரத்துக்காரர் சேலத்துக்குப் போவார், சேலத்துக்காரர் எங்களிடம் வருவார். பஸ் கட்டணத்தைச் செலவழித்து வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் விளம்பரம் கேட்ட காலத்திலிருந்து இன்றுவரை அந்த வெட்கம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். மொழி தெரியாத ஊரில் எந்த மையத்தைத் தேடுவார்கள்? அப்படிப் போன ஒருவர் கிட் வாங்கி, வண்டியின் கேபினில் உட்கார்ந்து தானே பார்த்திருக்கிறார். இரண்டு கோடு. லீவு போட்டு ஊருக்கு வந்து, அடுத்த வாரமே மையத்தில் உறுதி செய்துகொண்டு மாத்திரை தொடங்கிவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். கிட் இல்லாவிட்டால் அவர் எங்களிடம் வந்திருப்பது இருமலும் எடைக்குறைவுமாக, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான். அப்படி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 2012லேயே வாயில் தேய்த்துப் பார்க்கும் கிட்டைக் கடையில் விற்க அனுமதித்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனமும் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. அவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

ஆனால் அந்த அமெரிக்கக் கிட்டையே பாருங்கள். தொற்று உள்ள பன்னிரண்டு பேர் வீட்டில் சோதித்தால் ஒருவருக்கு 'இல்லை' என்று காட்டிவிடலாம் என்று அனுமதி கொடுத்த துறையே அப்போது சொன்னது. பொய்யாக 'உண்டு' என்று காட்டுவது அதில் மிகக் குறைவு. எல்லாக் கிட்டும் அப்படி இருப்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குத் தொற்று இருக்கிறது. தொற்று இல்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத் தவறாகக் கோடு காட்டும் கிட் என்று வையுங்கள். கேட்க நல்ல கிட்தான். ஆயிரம் பேர் சோதித்தால் ஏழு பேருக்கு இரண்டு கோடு விழும். அந்த ஏழில் ஐந்து பேருக்கு ஒன்றுமே இல்லை. என் தெருப் பையனைப்போல ஐந்து பேர் மொட்டை மாடிக்குப் போவார்கள். இதற்காகத்தான் மையத்தில் முதல் சோதனையில் கோடு வந்தால் வேறு வேறு முறையில் இன்னும் இரண்டு செய்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சோதனைக் கிட் சீப்புப் பல்போல இருக்கும். பல்லில் புள்ளி விழுந்தால் வாயே திறக்க மாட்டோம். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் ஆலோசகரிடம் சீட்டு போகும்.

இந்த எச்சரிக்கை நம் ஊருக்குப் புதிதில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், நிர்மலா என்ற மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரிந்தது. வைக்க இடமில்லாமல் அவர் மாதிரிகளைத் தம் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார், பிறகு வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். எச்.ஐ.வி. சோதனைக்கும் வீட்டுக்கும் அன்றே உறவு! ஆனால் வேலூரில் தெரிந்ததை அவர்கள் அப்படியே அறிவித்துவிடவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள்.

வாய்க் கிட்டால் இன்னொரு வம்பு. ஈறு ஓரம் தேய்த்து எடுப்பதில் நாம் தேடுவது எதிர்ப்பொருளை. எச்சிலில் கிருமி இருக்கிறது என்று பொருளில்லை. இதை யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணவனுக்குக் கோடு வந்த அன்றே மனைவி அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி, டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துவிட்டார். எச்சிலைத்தானே சோதித்தார்கள் என்பது அந்த அம்மாவின் வாதம். எச்சிலால் பரவாது என்று இருபது வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு பஞ்சுக் குச்சி அழித்துவிட்டது. இன்னொருவர், எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வந்தவர். குணமாகிவிட்டதா என்று வீட்டில் சோதித்திருக்கிறார். ஒரு கோடுதான் வந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை எடுப்பவர்களுக்கு அப்படிப் பொய்யாகக் காட்டக்கூடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. கிட் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை யார் கையில் யார் குத்துகிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. தனக்குக் கோடு வந்த ஆத்திரத்தில் ஒரு கணவன், ராத்திரி அடுப்படியில் மனைவியின் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்திருக்கிறான். அவளுக்கும் கோடு. "நீதான் கொண்டு வந்தாய்" என்று விடிவதற்குள் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டான். யார் முதலில் என்று எந்தக் கிட்டும் சொல்லாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி, சம்மதம் வாங்காமல் யாரையும் சோதிக்கக் கூடாது என்கிறது அது. மையத்தில் அந்தச் சம்மதத்தை நாங்கள் எழுதி வாங்கினோம். அடுப்படியில் யார் வாங்குவார்கள்?

சென்ற மாதம் நானும் ஒரு கிட் வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இணையக் கடையில் 'வீட்டிலேயே சோதியுங்கள்' என்று போட்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'மருத்துவப் பணியாளர் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது டிகிரிக்கு மேல் வைக்காதே என்றும் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் கூரியர் வண்டியில் இரண்டு நாள் கிடந்து வந்தது அது. தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ் இல்லை. 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இல்லை.

விற்கட்டும். மையங்களே இலவசமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாசலில் ஒரு பெட்டியில் வைத்தால் கேட்காமலே எடுத்துப் போவார்கள். தமிழில் ஒரு தாள் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். நான் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்பது வரிதான். எத்தனையாவது நிமிடத்தில் பார்ப்பது, எப்போது பார்க்கவே கூடாது, இரண்டு கோடு என்றால் மறுநாள் எங்கே போவது, ஒரு கோடு என்றால் எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, மூன்று நாளுக்குள் என்றால் கிட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடு என்பது, மாத்திரை எடுப்பவர் இதைத் தொட வேண்டாம் என்பது, எச்சிலால் பரவாது என்பது, அடுத்தவர் விரலைக் குத்தாதே என்பது. கடைசி வரியில் பெரிய எழுத்தில் 1097. பட்டறைப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன்; இரண்டாம் வரியைச் சிவப்பில் போடச் சொன்னான். போட்டிருக்கிறேன். எந்த நிறுவனம் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம். தங்கள் நாளிதழ் வழியாக எழுதினால் எனக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
நாமக்கல் மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு ஒன்றும் பயமில்லை. பெயர் போட்டால் மேலே சொன்னவர்கள் யார் யார் என்று எங்கள் தெரு அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும்.)