நீல மாத்திரையும் வீட்டுக் கீரையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ரத்தசோகையைத் தடுக்கப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எங்கள் பெண்ணுக்கு வேண்டாம், இயற்கையாகவே பார்த்துக்கொள்கிறோம் என்று சில வீடுகளிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. ஆயுர்வேதப் பொடி வாங்கி வைத்திருப்பதாக நேரில் வந்து சொன்னவர்களும் உண்டு. கீரைக்கும் நாட்டு மருந்துக்கும் நான் எதிரியில்லை. ஆனால் மாத்திரை ஒரு கட்சி, இயற்கை எதிர்க்கட்சி என்று பிரித்துக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் பழைய வைத்தியமே அப்படிப் பிரிக்கவில்லை.

ரத்தசோகையை ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் பாண்டு என்கின்றன. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை பாண்டுவை ஐந்து வகையாகச் சொல்கிறது. அதில் ஒன்று மண் தின்பதால் வருவது. இன்றைய மருத்துவர்களும் மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசையை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். வகுப்பில் சாக்பீஸ் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு ஆசிரியர்கள் மட்டுமே காரணமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். உங்கள் பெண் சிலேட்டுக் குச்சியோ அரிசியோ தின்றால் திட்டாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அந்த வைத்தியர்கள் பாண்டுவுக்குக் கொடுத்த மருந்துகளைப் பாருங்கள். ஆயுர்வேதத்தில் மண்டூரம், லோக பஸ்மம். இரண்டும் இரும்பிலிருந்து செய்பவை. சித்தத்தில் அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். பள்ளியில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதே இரும்பு உப்புதான். பாண்டுவுக்கு இரும்பு வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அன்னபேதிச் செந்தூரத்தோடு பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் சேர்த்து 2,300 வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்ததில் ஹீமோகுளோபின் கூடியதாக ஓர் ஆய்வும் வெளியாகியிருக்கிறது. அதில் தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தினரும் பங்கெடுத்தார்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் அளவு சொல்லிக் கொடுப்பார். பெயர் தெரியாத பொடியையும் பஸ்மத்தையும் இணையத்தில் வாங்கி நாமே கொடுப்பதுதான் ஆபத்து. மருந்தில் ஏற்கெனவே இரும்பு இருந்தால் மாத்திரையும் சேர வேண்டுமா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கி அனுப்புங்கள், நாங்கள் அதன்படி நடப்போம்.

சரி, அடுக்களைக்கு வருவோம். ரத்தம் ஊற பீட்ரூட் ஜூஸ் கொடுக்கிறேன் என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். நல்ல காய்தான். ஆனால் நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடாது. அதைவிட முருங்கைக்கீரை, முளைக்கீரை, கம்பு, கேழ்வரகு, கொள்ளு, தட்டைப்பயறு எவ்வளவோ மேல். மஞ்சள் கரிசலாங்கண்ணி கிடைத்தால் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யுங்கள். அதைக் கீரையாகச் சாப்பிடுவதில் எனக்கு முழுச் சம்மதம், மருந்துக்கு மாற்றாக நம்புவதில்தான் இல்லை.

கீரை, பயறு இவற்றில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதைக் கூட்டுவது வைட்டமின் சி. கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் அந்தச் சத்து சூட்டில் குறைந்துவிடும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ போதும். பள்ளி வாசலில் விற்கிற பண்டங்களில் நான் மனதார ஆதரிப்பது இவை இரண்டைத்தான், அந்த மிளகாய்த்தூள் கொஞ்சம் குறைந்தால் நல்லது. பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். பரணில் கிடக்கும் இரும்புச் சட்டியை எடுத்துப் புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் அதில் வையுங்கள். புளிப்புக்குச் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும்.

அசைவம் சாப்பிடும் வீடுகளுக்குச் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், பாட்டிகளுக்குத் தெரியும். ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல், மீன் இவற்றில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட நன்றாகச் சேரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் அந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

டீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வரும் பெண்கள் நம் பள்ளியில் அதிகம். டீ, காபி இரண்டும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் காலை உணவு உண்டு, நம் உயர் வகுப்புகளுக்கு இல்லை. பழைய சோறானாலும் சரி, சாப்பிட வைத்து அனுப்புங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் டப்பாவில் கொண்டு வரட்டும், முதல் பாடவேளைக்கு முன் சாப்பிட இடமும் நேரமும் தருகிறோம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். கணக்குப் பாடத்தில் தூங்குகிற பெண் எல்லாருமே சோம்பேறி இல்லை. வளரும் வயது, மாதவிடாய், குடற்புழு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ கீரையும் லேகியமும் மட்டும் போதாது. அம்மாவோ அக்காவோ கூடப் போய் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் பிள்ளைகளிடம் எங்கள் ஆசிரியைகளும் பேசுவார்கள்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. பி12 குறைவாலும் வரும், தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற பரம்பரைக் காரணங்களாலும் வரும். அதனால்தான் பரிசோதனை முதலில். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் குழு அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்கும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. அந்த நிலையில் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான். முடிவு உங்களுக்கு மட்டும் மூடிய கவரில் வரும், வகுப்பில் படிக்க மாட்டோம்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். குமட்டல் வருகிறது என்பதால்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறோம். வெறும் வயிற்றில் வந்த பிள்ளைக்கு அன்று கொடுப்பதில்லை.

இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிற பிள்ளையானால் மருந்தின் பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள். நாட்டு மருந்தானால் டப்பாவையே கொடுத்தனுப்பினாலும் சரி, குழு மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி

பி.கு.: குடற்புழு நீக்க மாத்திரையும் இந்தப் பருவத்தில் உண்டு. வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுக்கு அங்கன்வாடியிலோ அவர்கள் படிக்கும் பள்ளியிலோ வாங்கிக் கொடுங்கள். கழிப்பறைக்கும் வயலுக்கும் செருப்பில்லாமல் போக விடாதீர்கள். கொக்கிப்புழு பாதம் வழியாகத்தான் ஏறுகிறது.