சாய்தளத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

கோலாலம்பூரில் நாட்டுத் தலைவர்களின் நினைவில்லங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த நினைவில்லம் என்று இங்கே எழுதவில்லை. உங்கள் முகப்பிலிருக்கும் புகார்ப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு முந்திய பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் இதே புகார் இருக்கிறது. கீழே பதில் எதுவும் இல்லை.

சக்கர நாற்காலிக்கென்று நீங்கள் கட்டிய சாய்தளம் நன்றாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை. ஆனால் குறுக்கே சங்கிலி, சங்கிலியில் பூட்டு, அதற்குப் பின்னால் வரிசையாகப் பூச்சாடிகள். யாரோ பிரமுகர் வந்தபோது அலங்காரத்துக்கு வைத்தவையாம். சாவி வைத்திருப்பவர் விடுப்பில். காவலாளி நல்ல மனிதர். சக்கர நாற்காலியில் வந்த என் அப்பாவை நாலு பேராக நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றார். "வேணாம்பா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று அப்பா சிரித்தபடியே மறுத்துவிட்டார். நாங்கள் மட்டும் உள்ளே போய்க் கைப்பேசியில் படம் பிடித்து வந்து மரத்தடியில் அவரிடம் காட்டினோம். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. "சரி, போதும்மா" என்றார்.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வெள்ளைக்கார முதலாளிகளின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், 1960-இல், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய பாட்டாளிகளில் அப்பாவும் ஒருவர். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தலைவர்கள் கேட்டபோது கையிலிருந்ததைக் கொடுத்த அந்தத் தலைமுறைக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அழைத்து வருகிறார்கள். இந்த முதியவர்கள்தான் தாங்களாக ஆசைப்பட்டு வருகிறவர்கள். இவர்களுக்காகவாவது அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள்.

பொது இடங்களுக்குத் தடையின்றிச் சென்றுவரும் உரிமை 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் பிரதமர் துங்கு குடியிருந்த ரெசிடென்சி, இரண்டாம் பிரதமர் துன் ரசாக் குடியிருந்த ஸ்ரீ தாமான் இரண்டும் நினைவில்லங்களாயின. நல்ல காரியம். துங்குவுக்குத் தோள்கொடுத்த சம்பந்தனுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலையும் ஒரு மோனோரயில் நிலையமும் கிடைத்தன. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு பிறந்தால் பாலத்துக்குப் பாலம் கொடி கட்டுகிறோம். 15 மீட்டருக்கும் மேலான வெண்கலத்தில் வீரர்களை வார்த்து 1966-இல் துகு நெகாரா என்ற தேசிய நினைவுச்சின்னத்தைத் திறந்த நாடு இது. ஒரு சாவியைக் காவலாளியின் மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைக்க நம்மால் முடியாதா? அதற்கும் ஒரு குழு அமைத்து, டெண்டர் விட்டு, திறப்பு விழா நடத்தித்தான் ஆகவேண்டுமா?

சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். திறந்திருக்கும் நேரமெல்லாம் சாய்தளமும் திறந்திருக்கட்டும். பூச்சாடிகளை நாலடி தள்ளி வைத்தால் அவையும் அங்கேயே இருக்கலாம். வரும் சுதந்திர தினத்துக்குள் செய்துவிட்டால் புகார்ப் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்கு முந்திய பக்கத்திலும்.

மரியாதையுடன்,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்,
செந்தூல்