தம்பிக்கு ஏற்றிய மருந்து

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் ஒரு ராத்திரி தம்பி ரத்தமாக வாந்தி எடுத்தான். கல்லீரல் இறுகிவிட்டது. குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே நுழைய வழியில்லாமல் தேங்கி, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்திருக்கின்றன. குடிகாரன் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அவன் தொட்டதே இல்லையடி. இருபது வருஷ சர்க்கரை செய்த வேலை.

எண்டோஸ்கோபியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். அதற்கு முன்பே சிரிஞ்ச் பம்பில் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து, மணிக்கு 50 மைக்ரோகிராம், ஓட ஆரம்பித்துவிட்டது. எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்பதால் எம்.எஸ்ஸி.யில் ‘எதிர்க்கட்சி’ என்று பெயர் வைத்தோமே, சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன், அதைப் பார்த்துச் செய்ததுதான் இந்த மருந்து.

1973-இல் கலிஃபோர்னியாவில் கில்லமின் குழு ஆட்டு மூளையில் தேடியது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளை. கையில் அகப்பட்டதோ அதைத் தடுக்கும் பொருள், 14 அமினோ அமிலம். தேடியது 1982-இல் எங்கே கிடைத்தது தெரியுமா? கணையக் கட்டியில்!

இரைப்பை, குடல், கணையம் எல்லாவற்றிலும் இந்த எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கிறது. கணைய நீரைச் சுரக்கத் தூண்டும் செக்ரெட்டின், கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன்களை அடக்கிக் கணைய நீரைக் குறைக்கும். ரத்தக்குழாயை விரிக்கும் குளுக்ககான் போன்றவற்றையும் அடக்குவதால் குடலுக்குப் போகும் ரத்தமும் குறையும். போவது குறைந்தால் கல்லீரல் வாசலில் தேங்குவதும் குறையுமல்லவா? தம்பிக்கு வேண்டியது அதுதான். பக்கத்துக் கட்டிலில் கணைய ஆபரேஷன் செய்த ஒரு பெரியவர்; தையல் போட்ட இடத்தில் கணைய நீர் கசிகிறதாம். அவருக்கும் இதே மருந்து. ‘கணைய நீரைக் குறைக்கும், குடல் ரத்தத்தைக் குறைக்கும்’ என்று நாம் மனப்பாடம் செய்த இரண்டு வரியும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தன.

உடம்பில் தானாக ஊறும் சொமாட்டோஸ்டாட்டின் இரண்டு மூன்று நிமிஷத்திலேயே பாதியாகிவிடும். எட்டு அமினோ அமிலமாகக் குறுக்கிச் செய்த இந்த மருந்துக்கு அதுவே ஒன்றரை மணி நேரம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் எடுபடுகிறது. ஐந்து நாள் அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்; பீப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். வளையம் போட மறுபடி போக வேண்டும். உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்.

உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறுகிறாயா? பேத்தி காதுகுத்து எப்போது என்று எழுது, வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கமலா