கடலில் இடம் சொல்லும் எண்ணை ஒரே முறையில் எழுதுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட மீன்வளத் துறை அலுவலர்களுக்கும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களின் விசைப்படகுச் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் இக்கடற்கரையில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி மகன் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவன். சென்ற ஆண்டு நடுக்கடலில் அவன் படகின் எஞ்சின் நின்றுபோனது. கைப்பேசி காட்டிய அட்சரேகையை "ஏழு பாயின்ட் நாலு அஞ்சு மூணு பூஜ்யம்" என்று அவன் சொல்ல, அது வயர்லெஸ்ஸில் படகு படகாகக் கைமாறிக் கரைக்கு வந்தபோது 7 டிகிரி 45.30 நிமிடம் என்று தாளில் ஏறிவிட்டது. உதவிக்குப் போன படகின் ஜி.பி.எஸ். கருவியிலும் அந்த எண்ணையே பதித்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே வெறுங்கடல்தான் இருந்தது.

7.4530 என்பது முழுவதும் டிகிரி. ஒரு டிகிரி என்பது 60 கோண நிமிடம் என்பதால், புள்ளிக்குப் பின்னுள்ள 0.4530-ஐ 60-ஆல் பெருக்கினால் 27.18 வரும், ஆகவே சரியான இடம் 7 டிகிரி 27.18 நிமிடம். இரண்டுக்கும் இடைவெளி 18.12 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்பதால், தேடிய இடம் படகு கிடந்த இடத்துக்கு 33 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருந்தது. அரைப்பகல் கழித்தே பிள்ளைகளைக் கண்டார்கள். எழுதிக்கொண்டவரை நான் குறை சொல்லவில்லை. 7.7530 என்று வந்திருந்தால், 75 நிமிடம் என்று ஒன்று கிடையாதே என்று அவரே நிறுத்திக் கேட்டிருப்பார். 45 என்பது அறுபதுக்குள் அடங்கிவிட்டதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

வினாடியிலும் இதே குழப்பம் உண்டு. 7 டிகிரி 45 நிமிடம் 30 வினாடி என்பதை 45.30 நிமிடம் என்று எழுதுகிறார்கள். 30 வினாடி அரை நிமிடம் ஆகையால் அது 45.50 என்றே இருக்க வேண்டும். பிழை 370 மீட்டர்தான் என்றாலும், வலை சிக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறையை, குறித்து வைப்பவருக்கு அது பெரிய தூரம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்கள் இவை. ஆகவே இடக்குறிப்பை எங்கு எழுதினாலும் டிகிரி, அதன்பின் புள்ளியோடு கூடிய நிமிடம் என்ற ஒரே வடிவில் எழுத வேண்டுமென்று உத்தரவிடக் கோருகிறேன். கடற்கருவிகளில் பெரும்பாலும் வழங்குவது அதுவே. கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கும்போதும், வயர்லெஸ்ஸில் பேசும்போதும், வெறுமனே "பாயின்ட்" என்று சொல்லாமல் "டிகிரி", "நிமிடம்" என்ற சொற்களை உரக்கச் சொல்லப் பழக்க வேண்டும். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யட்டும்.

பதினோராம் வகுப்பில் π/180-ஆல் பெருக்கி டிகிரியை ரேடியனாக்கும் பிள்ளைகளுக்கு, தந்தையின் படகுக்கு வேண்டிய இந்த அறுபதின் பெருக்கல் ஒரு மணி நேரப் பாடம்தான். துறையின் பயிற்சி முகாம்களில் அதைச் சேர்த்தால், கரும்பலகையில் எழுதிக் காட்ட நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்