தூள் இருக்கிறது, பைதான் இல்லை: ஹட்டனிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே, கடை நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே,

தேயிலை விளையும் ஊரில் தேயிலைத்தூளைப் பக்கட் போட்டு விற்றுக்கொண்டு, 100 கிராம் பக்கட் இல்லை என்கிறீர்களே என்று பலர் கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஸ்டோரில் தூள் இருக்கிறது, முடிந்துபோவது அச்சடித்த வெற்றுப் பை. அது கொழும்பிலிருந்து வர ஐந்து வாரம் பிடிக்கும், அதுவும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரியாமல் இருந்தால். வாரத்துக்கு 1,000 பை போகிறது என்று வையுங்கள், 6,000 மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுவோம்: ஐந்து வாரத்துக்கு 5,000, பாதை அடைபட்டால் சமாளிக்க 1,000.

இந்தக் கணக்கு குழம்புவது தீபாவளி நெருங்கும்போதுதான். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 20 பெட்டி விற்கும் கடை 40 கேட்கும், அதைப் பார்த்துப் பக்கத்துக் கடையும் கேட்கும், வியாபாரம் ஏறிவிட்டது என்று நாங்கள் பை, அட்டைப்பெட்டி, தூள் எல்லாவற்றையும் கூட்டி எடுப்போம், அச்சகக்காரர் எங்களையும் மிஞ்சிச் சாமான் இறக்குவார். பண்டிகை முடிந்ததும் உங்கள் தட்டில் 20 பெட்டி தேங்கும், எங்களுக்கு ஓடரே வராது. வீடுகளில் குடித்த தேத்தண்ணி என்னவோ வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட!

சரி, எல்லாவற்றையும் முன்கூட்டியே பக்கட் போட்டு அடுக்கினால் என்ன? 400 கிராமில் அடைத்ததை வெட்டி 100 கிராம் ஆக்கினால் பை குப்பைக்குத்தான். அதனால் உள்ளே ஈரம் புகாத தாள் வைத்த மூட்டையிலேயே தூளை வைத்திருந்து, ஓடர் வந்த பிறகு அளவு பார்த்து அடைக்கிறோம். பேக்டரியில் இலையைக் காயவைக்கும் ட்ரையரை விட்டு வரும்போது தூளில் ஈரம் சுமார் 3 வீதம்தான், மூட்டையைத் திறந்துபோட்டால் இங்குள்ள மூடுபனியையும் பக்கத்தில் இருக்கும் கருவாட்டு வாடையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முதலில் வந்த மூட்டையைத்தான் முதலில் பிரிப்போம். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டனைச் சுற்றியுள்ள திம்புள்ளைப் பக்கத்துத் தூளுக்கு மணம் தூக்கலாக இருக்கும், அப்போது மட்டும் கொஞ்சம் கூட வாங்கி வைப்போம். (எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் தெரியும் பேக்டரியின் தூள்கூடக் கொழும்பு ஏலத்துக்கு இறங்கிப்போய்த்தான் திரும்ப மலை ஏறி வருகிறது.)

ஆகவே வியாழன் மாலைக்குள், அந்த வாரம் விற்றது எவ்வளவு, தட்டில் மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு அளவுக்கும் வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். தீபாவளிக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள், உண்மையான தொகையாக. இரட்டிப்பாகக் கேட்டவருக்கு முதலில் கொடுப்பது என்ற வழக்கம் எங்களிடம் இல்லை.