சுவருக்கு அந்தப் பக்கத்து அங்கிளுக்கு

எங்கள் மகனின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக இந்த எட்டு மாதமும் கூடவே ஓடிய எல்லாருக்கும் வணக்கம். கடுமையான கட்டம் முடிந்தது என்று செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார். இனி வீட்டிலேயே தினமும் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. சரி, பார்த்துக்கொள்ளலாம்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள், மிஸ்ஸிகள் (நர்ஸுகள்), பாயான் லெப்பாஸ் வேலையிடத்தில் எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட தோழிகள், கூப்பிட்டபோதெல்லாம் ரத்தம் கொடுக்கக் கை நீட்டிய கோயில் பையன்கள், எல்லாருக்கும் நன்றி. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும், சேர்த்து வைக்க முடியாது என்பதை உங்கள் தூக்கத்தைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லணும். அவருக்குத் தமிழ் தெரியாது, யாராவது படித்துக் காட்டுங்கள்.

முதல் முறை மகனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது கிருமியோடு போராடும் வெள்ளையணுவான நியூட்ரோபில் 500க்கும் கீழே. சுவர் உடைக்கும் தூசியில் பூஞ்சை வித்து இருக்கும், நம்மை ஒன்றும் செய்யாது, இவன் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வந்து பார்த்தால் அங்கிள் வீட்டில் சீனப் பெருநாளுக்காகச் சமையலறையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை நாளில் முடியும் என்று மட்டும்தான் கேட்டேன். மகனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். "தாப்பா லா", பரவாயில்லை, என்றார். அன்று மத்தியானமே டிரில் சத்தம் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பெருநாளன்று இரண்டு ஆரஞ்சோடு போனபோதுதான் பார்த்தேன். பாதிச் சுவரில் டைல்ஸ் இல்லை. சிங்க் இருந்த இடத்தில் ஒரு நீல வாளி. ஹாலில் பேப்பர் விரித்து, அதன்மேல் கேஸ் அடுப்பு. ஆண்ட்டி குந்தி உட்கார்ந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கொண்ட்ராக்டரை அன்றே அனுப்பிவிட்டாராம், முன்பணமும் போச்சாம். இதுவும் ஆண்ட்டி சொல்லித்தான் தெரியும். அங்கிள் ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, பையன் சாப்பிட்டானா என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

இன்றுவரை அந்த வாளியில்தான் பாத்திரம் கழுவுகிறார்கள்.

அங்கிள், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் மகனை நிபோங் தெபாலில் அம்மா வீட்டில் விடுகிறேன். வேலை முடிந்து தூசி அடங்கும்வரை அங்கேயே இருப்பான். ஆளைக் கூப்பிடுங்கள். உடைத்த கல்லை மூட்டை கட்டி இறக்க நானும் என் வீட்டுக்காரரும் வருவோம். லிஃப்ட்தான் நம் மாடியில் நிற்காதே.